படகின் பின் இருக்கை

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி. எனக்கு இந்தப் பக்கம்தான் வசதி. முட்டியை மடக்குனா நீட்ட வரமாட்டேங்குது, நீட்டுனா மடக்க வரமாட்டேங்குது. எல்லாம் ஓடி ஓடி வந்த வினை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுனதைச் சொல்லலை. உடம்புக்கு நல்லதுன்னு காலங்காத்தால கூட்டமா ஓடுறாங்களே, அந்த ஓட்டம். என்னைப் பார்த்தா அப்படித் தெரியலையா? தெரியாது. யாருக்கும் தெரியறதில்லை.

நீங்க பாண்டி வரைக்குமா? நான் நோணாங்குப்பத்துல இறங்கணும். அங்க ஆத்துல இன்னிக்குத் துடுப்புப் படகு விடுறாங்க. நாலு ஊர்லேர்ந்து சங்கத்து ஆளுங்க வர்றாங்க. போட்டின்னு சொல்ல முடியாது, சந்தோஷத்துக்குத்தான். என் சம்சாரம் விடியறதுக்கு முன்னாடியே சங்கத்து வேன்ல போயிட்டா. நான் பின்னாடியே பஸ்ல போறேன். ஏன் சேர்ந்து போகலைன்னு கேட்டீங்கன்னா, அதைத்தான் சொல்ல வர்றேன். இன்னிக்கு அவ என்கூட ஒரே படகுல ஏறுவாளா, இல்லை தனியாவே போயிடுவாளா, அது தெரியாம எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கலை.

அந்த வயரைக் காதுலேர்ந்து எடுத்துட்டீங்களே, சந்தோஷம். இந்தக் காலத்துல யார் எடுக்கறா?

கடலூர் மஞ்சக்குப்பத்துல 'மங்கை யூனிபார்ம்ஸ்'னு பார்த்திருப்பீங்க. இல்லையா? பரவாயில்லை. மங்கைங்கறது அவதான். மங்கையர்க்கரசி. கடைக்குப் பொண்டாட்டி பேரை வெச்சவன் நான், அதை முதல்ல மனசுல வெச்சுக்குங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குச் சட்டை, பாவாடை, பேன்ட்டு தைக்கிற கடை. ஊருக்கெல்லாம் மாசி பங்குனின்னா பனி போயி, வெயில் ஏறாம, கடல்காத்து சுகமா வீசற காலம். எங்களுக்கு அது அளவெடுக்கற காலம். பரீட்சைக்கு முன்னாடி ஒவ்வொரு பள்ளிக்கூடமா ஏறி இறங்கி அளவெடுத்தாத்தான் ஜூன் மாசம் துணி கொடுக்க முடியும். தலைக்கு மேல வேலை. நான் அளவைச் சொல்லுவேன், அவ எழுதிக்குவா. அப்புறம் அவ வெட்டுவா, நான் பின்னாடி நின்னு சொல்லுவேன். கை நீளத்தைக் கூட்டு, இடுப்புல பிடிச்சு விடு, இந்தப் பையன் வளர்ற பையன், மடிப்பை நிறைய வைன்னு. ஒருத்தர் சொல்லணும், ஒருத்தர் செய்யணும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான் ஓடுது. அலுப்புக்குக் குறைச்சல் இல்லை. சாயந்தரம் ஷட்டரை இறக்கறப்ப எனக்கு நாக்குல எச்சில் இருக்காது. வாய் ஓயாம சொல்லிக்கிட்டே இருக்கறது சாதாரண வேலையா?

எங்க பொண்ணு யாழினி பெங்களூர்ல வேலைக்குப் போனதுக்கப்புறம் வீடு வெறிச்சுன்னு ஆயிடுச்சு. அவதான் போன தையில வந்திருந்தப்ப, "ரெண்டு பேரும் மெஷின் மாதிரி ஆயிட்டீங்க. ஏதாவது சந்தோஷமா பண்ணுங்கப்பா"ன்னு சொல்லிட்டு, தேவனாம்பட்டினத்துல ஒரு சங்கம் இருக்குன்னு எங்களைக் கேக்காமலே பேரைக் கொடுத்துட்டா. வாரத்துல பாதி நாள் பீச் ரோட்டுல ஓட்டம், பாதி நாள் உப்பங்கழியில துடுப்பு. காலையில போயிட்டுக் கடை திறக்கறதுக்குள்ள வந்துடலாம். எனக்கு அப்பவே பயம்தான். இருக்கற வேலைக்கு இது வேறயான்னு. மங்கை என்ன பண்ணா தெரியுமா? மறுநாளே போயி ஷூ வாங்கிட்டு வந்துட்டா. எனக்கும் சேர்த்துத்தான்.

ஓட்டத்தை முதல்ல சொல்லிடறேன். கிளம்புனா எல்லாரும் கோடி வரைக்கும் ஓடிட்டுத் திரும்பணும். நான் ஒரு டீக்கடை வரைக்கும் ஓடுவேன். அங்க நின்னுடுவேன். முடியாம இல்லை தம்பி, தப்பா நினைக்காதீங்க. அத்தனை பேரும் முன்னாடி போயிட்டா, திரும்பி வர்றப்ப ஒழுங்கா வந்து சேர்றாங்களான்னு பார்க்க ஒரு ஆள் வேணாமா? ஒரு டீ குடிச்சுக்கிட்டே பார்த்துக்கிட்டு இருப்பேன். அவங்க வர்றப்ப நானும் கூடச் சேர்ந்து ஓடி வந்துடுவேன். கடைசியில எடுக்கற போட்டோ எல்லாத்துலயும் நான் இருக்கேன், பாருங்க. இதோ. அந்தச் சிவப்புத் தொப்பி.

துடுப்புக்கு வர்றேன். அதுதான் விஷயம்.

அங்க ரெஜின்னு ஒரு கோச். ரெஜினால்டு. நல்ல பையன், கொஞ்சம் வாய் நீளம். முதல் நாளே சொன்னான்: "சார், இது ரெண்டு பேர் படகு. முன்னாடி இருக்கறவங்க போடற வேகத்துக்குப் பின்னாடி இருக்கறவங்க துடுப்புப் போடணும். திசையையும் பின்னாடி இருக்கறவங்கதான் பார்த்துக்கணும்." யாரு முன்னாடின்னு கேட்டான். மங்கை யோசிச்சா. நான்தான் அவளை முன்னாடி உக்காரச் சொன்னேன். நல்லாக் காட்சி தெரியட்டும்னு. பின்னாடி இருக்கற பொறுப்பை நான் எடுத்துக்கிட்டேன். திசை பார்க்கறதுன்னா என்னன்னு நினைக்கறீங்க? கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எடுக்க முடியாது. மீன் வலை கட்டியிருப்பான், மணல் மேடு இருக்கும், எதிர்ல படகு வரும். நான் சொல்லிக்கிட்டே வருவேன். "வலது கொஞ்சம் அழுத்து. போதும். இப்ப இடது." அவ போடுவா. துடுப்பை நான் மடியில வெச்சுக்கிட்டு இருந்தேன்னு அந்த ரெஜி பின்னாடி ஒரு பேச்சு பேசுனான். மடியிலயே வெச்சிருக்கலை. அப்பப்ப நனைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

அப்புறம் இன்னொண்ணு. எங்களுக்குப் பேச வேற நேரம் ஏது? கடையில ஆறு மெஷின் ஓடும். கத்துனாத்தான் கேக்கும். வீட்டுக்குப் போனா அவ அடுப்படி, நான் டிவி. தண்ணியிலதான் எந்தத் தொந்தரவும் இல்லை. அதனால கடை விஷயம் எல்லாத்தையும் படகுல பேசி முடிச்சிடுவேன். கான்வென்ட்டுக்குப் பட்டன் வரலை, டெய்லர் சுரேந்தர் நாளைக்கு லீவு கேக்கறான், அந்த நீலத் துணி சாயம் போவுதாம், மத்தியானம் நீயே ஒரு நடை போயிட்டு வந்துடு, இப்படி. அவளும் 'ம்' கொட்டிக்கிட்டே துடுப்புப் போடுவா. அவ முதுகைப் பார்த்துக்கிட்டே நான் பேசுவேன். வியர்வையில ஜாக்கெட் ஒட்டியிருக்கும். பின்னலை எடுத்து மேல சொருகியிருப்பா. காது ஓரத்துல ரெண்டு நரைமுடி. அதையெல்லாம் நான் அதுக்கு முன்னாடி பார்த்தேனோ என்னவோ தெரியலை. கரைக்கு வந்து சேர்றப்ப எனக்கு மனசு லேசா இருக்கும். ஆமா தம்பி, சந்தோஷமாத்தான் இருந்தேன். இந்த வயசுல யார்கிட்ட சொல்றது இதை.

இப்படி நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு.

நடுவுல ஒரு நாள், ஒரு பள்ளிக்கூடத்துத் தாளாளர் அம்மா காலையிலேயே வரச் சொல்லிட்டாங்க. அடுத்த வருஷத்துக்குக் கோட்டு வேணுமாம். இந்த ஊர் வெயில்ல கோட்டு! நான் அங்க போயிட்டேன். மங்கை தனியாப் படகுக்குப் போனா. அன்னிக்குன்னு பார்த்து ஒத்தைப் படகு எல்லாத்தையும் வேற யாரோ எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு பேர் படகுதான் மிச்சம். ஒருத்தர் மட்டும் முன்னாடி உக்காந்தா படகோட மூக்கு தண்ணிக்குள்ள குத்திக்கும். அதனால ரெஜி என்ன பண்ணியிருக்கான், பின் இருக்கையில ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வெச்சிருக்கான். என் எடைக்குச் சரியா இருக்கான்னு வேற தூக்கித் தூக்கிப் பார்த்தானாம். கூட ஒரு லைஃப் ஜாக்கெட்டையும் மாட்டி விட்டானாம் மூட்டைக்கு.

வழக்கமாப் போற தூரம்தான் போயிருக்கா. வழக்கத்தை விட சீக்கிரமா வந்துட்டா.

இதை அவளே சொன்னா. கடையில, வெட்டற மேஜையில. கத்திரியைக் கீழ வெச்சுட்டுச் சிரிக்கறா. "ஏங்க, மூட்டை வெச்சு சீக்கிரம் வந்துட்டேங்க"ன்னு. மெஷின்ல இருந்த பொண்ணுங்க எல்லாம் நிறுத்திட்டுப் பார்க்குது. அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. முந்தானையால துடைச்சா. துடைச்சா, துடைச்சா, துடைச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம் கத்திரியை எடுத்துக்கிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பிச்சுட்டா. நானும் விட்டுட்டேன். காத்து சாதகமா இருந்திருக்கும். ஒரு நாள் நீரோட்டம் அப்படி, ஒரு நாள் இப்படி. அதைச் சொன்னேன். அவ காதுல போட்டுக்கலை.

சாயந்தரம் கடையைச் சாத்தறப்ப நான்தான் திரும்ப எடுத்தேன். என்ன இருந்தாலும் மனசுக்குள்ள உறுத்துது இல்ல. "ஏன் மங்கை, மணல் மூட்டையும் நானும் ஒண்ணா?"ன்னு கேட்டேன். விளையாட்டாத்தான் கேட்டேன். அவ பூட்டைப் பூட்டிக்கிட்டே சொல்றா: "ஒண்ணு இல்லைங்க. மூட்டை பேசலை."

எனக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

"அங்க ஒரு கொக்குக் கூட்டம் இருக்குதுங்க. மேட்டுக்கு அந்தாண்ட. நான் பார்த்ததே இல்லை"ன்னா. "துடுப்பைத் தண்ணியிலேர்ந்து எடுக்கறப்ப சொட்டுச் சொட்டா விழற சத்தம் இருக்கே, இன்னிக்குத்தான் கேட்டேன்"ன்னா. கொக்கு எங்க போயிடப் போவுது, சொல்லுங்க. நான் பட்டனைப் பத்திப் பேசலைன்னா கான்வென்ட்டுப் பிள்ளைங்க சட்டையைத் திறந்து போட்டுக்கிட்டா போகும்? அதை அவகிட்டயும் கேட்டேன். சாவியை என் கையில கொடுத்துட்டு முன்னாடி நடந்துட்டா.

மறுநாளிலேர்ந்து ஒத்தைப் படகு. நேரா ரெஜிகிட்ட போயிச் சொல்லிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை.

நான் என்ன பண்றது? நானும் ஒத்தைப் படகு எடுக்கலாம்தான். ஆனா ஒத்தைப் படகுல எனக்கு என்ன வேலை? யாருக்குத் திசை சொல்றது? கரையில உக்காந்துக்குவேன். அவ செருப்பு, துண்டு, தண்ணி பாட்டிலைப் பார்த்துக்கிட்டு. யாராவது எடுத்துட்டுப் போயிட்டா? அவ போறது தெரியும். முதல்ல முதுகு தெரியும். அப்புறம் துடுப்பு மட்டும் மினுக்கு மினுக்குன்னு தெரியும். அப்புறம் அதுவும் தெரியாது. திரும்பி வர்றப்ப முகம் வேற மாதிரி இருக்கும். எப்படிச் சொல்றது... தூங்கி எழுந்த முகம் மாதிரி. என்னைப் பார்த்ததும், கிட்ட வந்ததும், பழையபடி ஆயிடும். அது என்னன்னே எனக்கு விளங்கலை. வேலைப்பளுதான். சீசன் நேரம்.

கடை விஷயம் பேசணும்னு சொல்லிப் பார்த்தேன். "கடையில பேசலாங்க"ன்னா. கடையில எங்க பேசறது? உடம்புக்கு ஆகாது, தனியாப் போகாதேன்னு சொன்னேன். போன மாசம் டாக்டர் பிரஷர் குறைஞ்சிருக்குன்னு சொன்னாராம், காகிதத்தை நீட்டறா. யாழினிக்குப் போன் போட்டேன். அந்தப் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? "அப்பா, நீங்க பேசாம துடுப்பைப் போடுங்கப்பா"ன்னு. பெத்த பொண்ணு, என் பக்கம் ஒரு வார்த்தை சொல்லலை. வெட்டி முறிச்ச மாதிரி ஒரு அசதி. ஒண்ணுமே செய்யாம வர்ற அசதி இருக்கு பாருங்க, அது பொல்லாதது.

பெண்ணையாத்துப் பாலம் தாண்டியாச்சா? ஆயிடுச்சு.

இந்த நோணாங்குப்பம் விஷயம் தெரிஞ்சதும் நான் ரெஜிகிட்ட போயி, ரெண்டு பேர் படகுக்கு எங்க பேரை எழுதிக்கோன்னு சொன்னேன். அவ முன்னாடி, நான் பின்னாடி. பேரைக் கொடுத்துட்டா மங்கை மறுக்க மாட்டாங்கற நம்பிக்கைதான். கடையில எத்தனை ஆர்டரை அப்படி அவளைக் கேக்காம வாங்கியிருக்கேன், ஒரு தடவை கூட முடியாதுன்னு சொன்னதில்லை. ரெஜி தலையைச் சொறியறான். "மேடம் போன வாரமே ஒத்தைப் படகுக்குக் கொடுத்துட்டாங்க சார்"னு. வீட்டுக்கு வந்து கேட்டேன். முந்தாநாள். என்னோட வர மாட்டியான்னு நேராவே கேட்டேன் தம்பி. அவ உப்புமா கிளறிக்கிட்டு இருந்தா. "பார்க்கலாம்"னா. அவ்வளவுதான். வர்றேன்னும் இல்லை, வரலைன்னும் இல்லை. "பார்க்கலாம்."

அதான் கிளம்பிட்டேன். சீசன் நேரத்துல கடையைச் சாத்திட்டு வர்றேன். வாழ்க்கையில முதல் தடவை. ரெண்டு பள்ளிக்கூடத்துலேர்ந்து போன் அடிச்சாச்சு, நான் எடுக்கலை. இந்தத் தூக்குல இருக்கறது அவளுக்குப் புளிச்சோறு. நானே செஞ்சது. புளிக்காய்ச்சல் அவ வெச்சிருந்தது, சோறும் அவ வடிச்சு வெச்சுட்டுத்தான் போனா. ஆனா கலந்தது நான். அப்பளம் நொறுங்கிடும்னு சட்டைப் பையில வெச்சிருக்கேன்.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆகப் போவுதா? நல்லது. ஒண்ணு சொல்றேன். நான் ஏன் படகுல பேசிக்கிட்டே இருந்தேன்னு அவ நினைக்கறா? கடைக்காக மட்டுமா? முன்னாடி உக்காந்திருக்கற அவளுக்கு நான் இருக்கறது தெரியாது. திரும்பிப் பார்க்கவும் முடியாது, படகு ஆடும். நான் பேசுனாத்தானே ஒரு ஆள் துணைக்கு இருக்கான்னு தெரியும்? நான் சும்மா இருந்துட்டா, அவ பாட்டுக்கு மறந்துட்டான்னா? அதனாலதான் பட்டனு, சாயம், சுரேந்தர்னு. வேற என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியாது. பேசிப் பழக்கமில்லை.

இருங்க, போன். அவதான். அவதான் தம்பி.

ஆங், மங்கை. சொல்லு. தவளக்குப்பம் தாண்டிக்கிட்டு இருக்கேன். ஆமா, பஸ்லதான். கடையா? சாத்திட்டேன். ஆமா. அதை விடு. என்னது? முடிச்சுட்டியா? ஒத்தையிலயா? சரி. ... சரி. மத்தியானமா? ரெண்டு பேர் படகா? வர்றேன், வர்றேன், இதோ வந்துட்டேன். நான் பின்னாடிதானே? ... என்ன? நான் முன்னாடியா? அப்ப நீ? ... அது எப்படி மங்கை. அது வேண்டாமே. ... பேசவும் கூடாதா? ... இல்லை, நான் கேக்கறது என்னன்னா, நீ பின்னாடி உக்காந்துட்டா, நீ துடுப்புப் போடறியா இல்லை சும்மா இருக்கியான்னு எனக்கு எப்படித் தெரியும்?

...

மங்கை? ஹலோ?

வெச்சுட்டா. இல்லை, கோபமில்லை தம்பி. சிரிச்சா. நான் அதைக் கேட்டதும் சிரிச்சா. அன்னிக்குக் கடையில சிரிச்ச மாதிரியே. பக்கத்துல யார்கிட்டயோ என் கேள்வியைத் திருப்பிச் சொல்லக் கூடப் பார்த்தா, சிரிப்புல வார்த்தை வரலை. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன், பார்த்தீங்க இல்ல. எதுக்குச் சிரிக்கறோம்னு தெரியாமலே சிரிச்சேன்.

வர்றாளே. அதுதானே வேணும்னு வந்தேன். வர்றா. ஆனா நான் முன்னாடியாம்.

நான் கேட்டதுல தப்பா ஒண்ணும் இல்லையே? பின்னாடி இருக்கறவங்க என்ன செய்யறாங்கன்னு முன்னாடி இருக்கற ஆளுக்குத் தெரியாது. தன் பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். கை வலிச்சாலும். அதைத்தானே கேட்டேன்.

...

இதோ, கண்டக்டர் விசில் அடிக்கறார். இறங்கணும். இருங்க தம்பி, அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கறேன். இல்லை, முட்டி வலி இல்லை. முட்டி நல்லாத்தான் இருக்கு. எழுந்திரிக்கறேன்.